அமெரிக்க மருமகளும் புண்ணியகோடிப் பசுவும்: ‘தப்பலியு நீனாதெ மகனெ’ படத்துல நடக்கற சண்டை எதைப் பத்தினது?

கன்னட நாவலாசிரியர் எஸ்.எல். பைரப்பா 2025 செப்டம்பர் 24 அன்னிக்கு பெங்களூர்ல காலமானப்போ அவர் கதைகள்ல இருந்து எடுத்த படங்களும் மறுபடி பேச்சுக்கு வந்துச்சு. அதுல 1977ல வந்த ‘தப்பலியு நீனாதெ மகனெ’ தமிழ்ல பாக்கறவங்களை நிறையவே குழப்பும். அமெரிக்கால படிச்சுட்டு அமெரிக்கப் பொண்ணைக் கட்டிக்கிட்டு ஊர் திரும்பற ஒருத்தன், வீட்டுப் பசுவை சாப்பாட்டுக்காக வெட்ட ஏற்பாடு பண்ற அந்தப் பொண்ணு, கொதிச்சுப் போற ஊர், இவ்வளவுதான் கதைன்னு மேலோட்டமா தோணும். ஆனா பாத்து முடிச்சதும் மூணு கேள்வி நிக்குது. பசு வெட்டறது அன்னிக்கே சட்டப்படி குத்தம் இல்லையா? அந்தக் கல்யாணம் இந்தியாவுல செல்லுமா, செல்லும்னா அந்த வீட்ல யாருக்கு என்ன உரிமை? படம் கடைசியில யார் பக்கம்?

இதைக் கிழக்குக்கும் மேற்குக்கும் நடக்கற சண்டையா பாத்தா பாதிதான் புடிபடும். அந்த மருமக அமெரிக்கால இருந்து வராம கர்நாடகாவுலயே இருக்கற ஹாசன்ல இருந்து வந்திருந்தாலும் அந்த வீட்ல இந்தச் சண்டை வந்திருக்கும், கொஞ்சம் லேட்டா வந்திருக்கும், சத்தம் கம்மியா இருந்திருக்கும். ஏன்னா சண்டையோட ரெண்டு பக்கமும் நம்ம அரசியல் சட்டத்துலயே ஒரே வாக்கியத்துக்குள்ள உக்காந்திருக்கு. அடிப்படையில இருந்து போவோம்.

படம் என்ன, எடுத்தவங்க யாரு

பைரப்பா நாவலை எழுதினது 1968ல. படமா எடுத்தது கிரிஷ் கார்னாடும் பி.வி. காரந்தும் சேர்ந்து. ஒரே கதையை கன்னடத்துலயும் இந்தியிலயும் எடுத்தாங்க, இந்தியில பேரு ‘கோதூளி’, மாடுங்க சாயங்காலம் வீடு திரும்பறப்போ கிளம்பற புழுதிக்குப் பேரு அது. நஸிருத்தின் ஷா நடிச்சிருக்கார். அந்த வருஷத்து தேசிய விருதுல சிறந்த கன்னடப் படம் இதுதான், இந்தி வடிவத்தோட திரைக்கதைக்கு கார்னாடுக்கும் காரந்துக்கும் ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைச்சுது.

இந்த ஜோடி அதுக்கு முன்னாடியே பைரப்பாவோட இன்னொரு நாவலை ‘வம்ச விருட்ச’ன்னு எடுத்து சிறந்த இயக்கத்துக்கான தேசிய விருது வாங்கியிருந்தாங்க, அது ஒரு விதவையோட மறுமணத்தைப் பத்தின கதை. கார்னாடுக்கு சென்னையோட நிஜமான தொடர்பு உண்டு, 1963ல இருந்து 1970 வரைக்கும் இங்க ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ்ல வேலை பாத்தவர், மெட்ராஸ் ப்ளேயர்ஸ் நாடகக் குழுவோட சேர்ந்து இயங்கினவர். கன்னடப் புது அலை சினிமாவைத் தொடங்கி வெச்ச ‘சம்ஸ்காரா’ அந்த மெட்ராஸ் நாடக வட்டத்தோட உழைப்புலதான் உருவாச்சு.

கன்னட சினிமால கலப்புக் காதல் புதுசில்ல. 1972ல வந்த புட்டண்ணா கனகாலோட ‘நாகரஹாவு’ல பிராமணப் பையன் ராமாச்சாரிக்கும் கிறிஸ்தவப் பொண்ணு மார்கரெட்டுக்கும் நடுவுல வர்ற காதல்தான் கதையைக் கடைசிக்குத் தள்ளுது. ஆனா அந்த மாதிரி படங்கள் எல்லாம் கல்யாணம் நடக்குமா நடக்காதாங்கற கேள்வியோட நின்னுடும். இந்தப் படம் கல்யாணத்துக்கு அடுத்த நாள்ல இருந்து ஆரம்பிக்குது. பொண்ணு வீட்டுக்குள்ள வந்தாச்சு, சமையல்கட்டு இருக்கு, தொழுவம் இருக்கு, மாமியார் இருக்காங்க, இனிமே எந்த வழக்கப்படி இந்த வீடு நடக்கும்? எனக்கு இதோட மதிப்பே இங்கதான்.

புண்ணியகோடி யாரு

இதைத் தெரிஞ்சுக்காம படம் பாத்தா ஒரு மாடு செத்ததுக்கா இவ்வளவுன்னு தோணிடும்.

கர்நாடகால ‘கோவின ஹாடு’ன்னு ஒரு நாட்டார் கதைப்பாட்டு உண்டு, கன்னடம் படிச்ச குழந்தைங்க பலருக்கு இது மனப்பாடம். காளிங்கன்னு ஒரு இடையன், அவன் மந்தையில புண்ணியகோடின்னு ஒரு பசு. மேய்ச்சல் முடிஞ்சு திரும்பறப்போ அர்புதன்ங்கற புலிகிட்ட மாட்டிக்குது. கன்னு பசியோட காத்துக்கிட்டிருக்கு, ஊட்டிட்டு வந்துடறேன்னு வாக்கு குடுக்குது, புலி நம்பி விடுது. வீட்டுக்குப் போய் கன்னுக்குப் பால் குடுத்து, மத்த பசுக்கள்கிட்ட இவனை உங்க புள்ளையா பாத்துக்கோங்கன்னு ஒப்படைச்சுட்டு, சொன்ன சொல்லு மாறாம திரும்பிப் போகுது. புலிக்கு அதைத் தின்ன மனசு வரல, தான் உயிரை விட்டுடுது.

கன்னுகிட்ட விடைபெறும்போது அந்தப் பசு சொல்ற வரிதான் படத்தோட தலைப்பு, “அனாதையாயிட்டியே மகனே”ங்கற அர்த்தத்துல. நாவல்ல வர்ற குடும்பம் தங்களோட மந்தை அந்தப் புண்ணியகோடி வம்சம்னு நம்பற குடும்பம், அமெரிக்கா போயிட்டு வர்ற பேரன் பேரும் காளிங்கதான். அப்போ வீட்டுக்குள்ள வெட்டுப்படற பசு அவங்களுக்குச் சொத்துக் கணக்குல வர்ற கால்நடை இல்ல, குலத்தோட ஆதாரம். ஊருக்கும் அதேதான், ஏன்னா அந்தப் பாட்டு அந்த வீட்டுக்கு மட்டும் சொந்தமில்ல.

பாட்டுல பசு பத்தின வழிபாடு ஒரு பகுதிதான், இன்னொரு பகுதி வாக்கு. குடுத்த வாக்கைக் காப்பாத்தறவங்களை எதிரி கூட நம்பலாம்ங்கறது அந்தக் கதையோட உயிர். படத்துல அந்த மாதிரி ஒருத்தருக்கு ஒருத்தர் வாக்கு குடுத்துக்கற இடமே வராது, யாரும் யாரையும் நம்பற நிலைமையில இல்ல. இதை மனசுல வெச்சுக்கிட்டுப் பாத்தா படம் பாட்டை அப்படியே தலைகீழா நடத்திக் காட்டறது தெரியும்.

அரசியல் சட்டத்தோட 48வது பிரிவு

இதுதான் என் வாதத்தோட மையம்.

48வது பிரிவு ஒரு வழிகாட்டுக் கொள்கை. வழிகாட்டுக் கொள்கைன்னா அரசாங்கம் சட்டம் போடும்போது மனசுல வெச்சுக்க வேண்டியது, ஆனா அதை நடத்திக் குடுன்னு நேரா கோர்ட்டுக்குப் போய் கேக்க முடியாது. அந்தப் பிரிவு சொல்றதை உடைச்சுப் பாத்தா இப்படி வரும்:

1. விவசாயத்தையும் கால்நடை வளர்ப்பையும் நவீன, அறிவியல் முறையில ஒழுங்குபடுத்த அரசு முயற்சி பண்ணணும்.
2. குறிப்பா, மாட்டு இனங்களைக் காப்பாத்தணும், மேம்படுத்தணும்.
3. பசு, கன்னு, மத்த கறவை மாடு, இழுவை மாடு இதுங்களை வெட்டறதைத் தடை பண்ண நடவடிக்கை எடுக்கணும்.

முதல் பகுதி அமெரிக்கால விவசாயம் படிச்ச பேரன் பேசற பேச்சு. மூணாவது பகுதி தாத்தா காலத்துப் பேச்சு. ரெண்டையும் ஒரே வாக்கியத்துல முடிச்சுப் போட்டு வெச்சிருக்காங்க.

இது தற்செயலா நடந்தது இல்ல. 1948 நவம்பர் 24 அன்னிக்கு அரசியல் நிர்ணய சபையில பண்டிட் தாக்கூர் தாஸ் பார்கவா இந்தத் திருத்தத்தைக் கொண்டு வந்தப்போ பேச்சு பெரும்பாலும் பொருளாதாரத்தை வெச்சே நகர்ந்துச்சு, பால், உழவு, உரம்னு. அன்னிக்கு அசாமைச் சேர்ந்த சையது முகம்மது சாதுல்லா எழுந்து கேட்டது நேர்மையான கேள்வி. இது மத நம்பிக்கைக்காகன்னா வெளிப்படையா அப்படியே சொல்லுங்க, நாங்க புரிஞ்சுக்கறோம், பொருளாதாரம்ங்கற பேர்ல கொண்டு வராதீங்கன்னார். சபை அதுக்கு நேரா பதில் சொல்லாம பிரிவை ஏத்துக்கிச்சு. பதில் சொல்லாத அந்தக் கேள்விதான் 1977ல இந்தப் படத்துல ஒரு வீட்டுத் திண்ணைக்கு வந்து சேருது.

வெட்டினது அன்னிக்கே குத்தமா?

ஆமா, குத்தம்தான்.

நாவல் வந்தப்போ மாநிலத்துக்குப் பேரு மைசூர், கர்நாடகான்னு பேரு மாறினது 1973 நவம்பர் 1ல. அந்த மைசூர் மாநிலத்துல 1964லயே பசுவதைத் தடை, கால்நடைப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு, நாவல் வர்றதுக்கு 4 வருஷம் முன்னாடி. அதன்படி பசுவையும் அதோட கன்னையும் எந்த வயசுலயும் வெட்டக் கூடாது. எருமைக் கன்னுக்கும் தடை. காளை, எருது, எருமை 12 வயசைத் தாண்டியிருந்தா, இல்ல இனப்பெருக்கத்துக்கோ உழவுக்கோ பாலுக்கோ இனிமே உதவாதுன்னு ஆகியிருந்தா, அதிகாரி சர்ட்டிஃபிகேட் குடுத்தா வெட்டலாம். மீறினா 6 மாசம் வரைக்கும் சிறை, இல்லைன்னா 1,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். இதைத் தமிழ்நாட்டு நிலவரத்தை வெச்சு எடை போட்டா குழப்பம்தான் வரும், இங்க இருக்கற 1958ம் வருஷத்துச் சட்டம் வேற அமைப்பு, அது 10 வயசுக் கணக்கையும் சர்ட்டிஃபிகேட்டையும் வெச்சு ஓடுது.

இந்த பசு-காளை வித்தியாசத்துக்குப் பின்னாடி 1958ல வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒண்ணு இருக்கு, முகம்மது ஹனீஃப் குரேஷி வழக்கு. பசுவுக்கும் கன்னுக்கும் முழுத் தடை போடலாம், ஆனா உழைக்க முடியாமப் போன காளை எருமைக்கு முழுத் தடை போட்டா கசாப்புத் தொழில் பண்றவங்களோட உரிமை அளவுக்கு மீறி பாதிக்கும்னு சொன்னாங்க. 2005ல குஜராத் வழக்குல 7 நீதிபதிகள் அமர்வு இதை மாத்தி, காளைக்கும் முழுத் தடை போடலாம்னுட்டாங்க. படம் வந்த காலத்துல நடைமுறையில இருந்தது முதல் தீர்ப்புதான்.

இவ்வளவு சட்டம் இருந்தும் கதையோட எடை போலீஸ் மேலயோ கோர்ட் மேலயோ விழலைங்கறதை கவனிக்கணும். ஊர் மேலயும் வீட்டு மேலயும்தான் விழுது. 1,000 ரூபாய் அபராதம் கட்டிட்டா தீர்ந்து போற விஷயமா அங்க யாருமே இதைப் பாக்கல.

பால் யாருக்கு முதல்ல

படத்துல வர்ற முரண்பாட்டுலயே எனக்கு ரொம்ப ஆழமானதா படறது இது, ஆனா இதைப் பத்தி யாரும் அதிகமா பேசறதில்ல.

மாட்டு மடியில பால் ரெண்டு இடத்துல நிக்கும். காம்புக்கு மேல இருக்கற குழியில கொஞ்சம், மீதி பெரும்பகுதி உள்ள நுண்ணறைகள்ல. குழியில இருக்கறது இழுத்தா வந்துடும். நுண்ணறையில இருக்கறது வரணும்னா மாட்டோட மூளையில இருந்து ஆக்ஸிடோசின் சுரந்து ரத்தத்துல கலந்து மடிக்கு வரணும், அப்போதான் பால் இறங்கும். மாடு பயந்தாலோ மிரண்டாலோ அட்ரினலின் சுரந்து இதை அப்படியே தடுத்துடும்.

ஐரோப்பிய இனங்களை, ஹோல்ஸ்டீன் ஜெர்சி மாதிரி மாடுகளை, பல தலைமுறையா கன்னு பக்கத்துல இல்லாமலே மெஷினுக்கும் கைக்கும் பால் இறக்கறபடி தேர்ந்தெடுத்து வளர்த்திருக்காங்க. பெரிய மேற்கத்திய பண்ணைகள்ல கன்னு பிறந்த கொஞ்ச நாள்லயே தாய்கிட்ட இருந்து பிரிச்சுடுவாங்க, கன்னுக்கு வாளியிலயோ பாட்டில்லயோ தனியா பால். நம்ம திமில் உள்ள நாட்டு மாடு அப்படி இல்ல, கன்னு முட்டி ஊட்டினாதான் சுரப்பு விடும். அதனாலதான் கன்னை முதல்ல ஊட்ட விட்டு, பக்கத்துல கட்டி, மாடு அதை நக்கிக்கிட்டு நிக்கறப்போ கறப்பாங்க, கடைசியில மறுபடி கன்னை விடுவாங்க. கன்னு செத்துட்டா தோல்ல வைக்கோலை அடைச்சு மாட்டு முன்னாடி வெச்சுக் கறக்கறதும் இதனாலதான்.

கன்னு குடிச்சது போக மீதிதான் மனுஷனுக்குங்கறது புண்ணியகோடி பாட்டோட ஒழுக்கம், அதே நேரம் அந்த மாட்டோட உடம்பு வேலை செய்யற விதமும் அதுதான். ஹல்லிகார், அம்ருத் மகால் மாதிரி அந்தப் பக்கத்து இனங்கள் உழவுக்கும் இழுவைக்கும் பேர் போனது, பால் கம்மிதான். ஹைதர் அலியும் திப்புவும் அம்ருத் மகால் மாடுகளை ராணுவத்துக்கு பீரங்கியும் மூட்டையும் இழுக்க வெச்சிருந்தாங்க. அமெரிக்கப் பாடப்புத்தகம் படிச்சவன் கண்ணுக்கு இதெல்லாம் லாபமில்லாத மாடு. தொழுவத்துல வளர்ந்தவங்க கண்ணுக்கு, தாயையும் கன்னையும் பிரிச்சு பால் எடுக்கறது திருட்டு. ரெண்டு பேருமே அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச மாட்டை வெச்சு சரியாத்தான் பேசறாங்க, ஆனா அந்த மாடுங்களே வேற வேற.

கதையோட பின்பகுதியில குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைக்காமப் போற கட்டம் இந்தக் கேள்வியை மனுஷக் குழந்தை மேல திருப்புது. பால் சுரப்புல மனசுக்கு இருக்கற பங்கு பொம்பளைக்கும் உண்டு, அதே ஆக்ஸிடோசின்தான், கடும் மன அழுத்தத்துல பால் இறங்கறது தடைபடும். அந்நிய ஊர்ல, எல்லாரும் விரோதமா பாக்கற வீட்ல புள்ளை பெத்த ஒரு பொண்ணுக்கு அது நடந்தா அதைத் தெய்வ தண்டனைன்னு எடுத்துக்காதீங்க. படத்துல அப்படி எடுத்துக்க இடம் இருக்குங்கறது எனக்கு உறுத்தலான விஷயம்.

டிராக்டர் வந்தா மாட்டுக்கு என்ன ஆகும்

மனைவி மேல பழி போடறதுக்கு முன்னாடி இந்தச் சங்கிலியைப் பாருங்க:

1. டிராக்டர் வந்ததும் உழவு எருதுக்கு வேலை போகுது.
2. வேலை இல்லாத எருதுக்கு தீவனம் மட்டும் செலவு, அதோட விலை இனிமே இறைச்சி விலைதான்.
3. பாலுக்காக கலப்பின மாடு வருது, அதுக்குப் பிறக்கற காளைக் கன்னுக்கு திமில் சரியா இருக்காது, நுகத்தடி நிக்காது, அது உழவுக்கும் ஆகாது.
4. கலப்பின மாட்டுக்கு பசுந்தீவனமும் புண்ணாக்கும் வேணும், திறந்த வெளி மேய்ச்சல் போதாது, அதனால மேய்ச்சல் நிலத்தைக் காப்பாத்தணும்னு ஊருக்கு இருந்த அக்கறை குறையுது.

நாலாவதைக் கொஞ்சம் விளக்கணும். இங்க மேய்க்கால் புறம்போக்குன்னு சொல்றதை அங்க கோமாளன்னு சொல்லுவாங்க. கர்நாடக நிலவருவாய் விதிகள்படி ஊர்ல 100 மாட்டுக்கு 12 ஹெக்டேர் கணக்குல இலவச மேய்ச்சலுக்கு நிலம் ஒதுக்கணும். மாட்டு எண்ணிக்கை குறைஞ்சா ஒதுக்க வேண்டிய நிலமும் குறையும், மிஞ்சின நிலத்தை வேறதுக்கு மாத்தலாம். கோமாள போனா நாட்டு மாடு வெச்சிருக்கற ஏழை வீடுதான் முதல்ல மாட்டை விக்கும்.

1970ல நாடு பூரா பால் உற்பத்தியைப் பெருக்க ‘ஆபரேஷன் ஃப்ளட்’ திட்டம் தொடங்கிச்சு, 1974ல உலக வங்கி உதவியோட கர்நாடகா பால்வளக் கழகம் வந்துச்சு, அதுதான் அப்புறம் கேஎம்எஃப்பா, அதாவது கர்நாடகா பால் கூட்டமைப்பா மாறி இன்னிக்கு நந்தினின்னு கடையில கிடைக்குது. அதாவது படம் ரிலீஸ் ஆன நேரத்துல பேரன் நினைச்சதை அரசாங்கமே மாநிலம் பூரா செஞ்சுக்கிட்டிருந்துச்சு, அதுக்கு எந்த அமெரிக்க மருமகளும் தேவைப்படல.

அந்தக் கல்யாணம் சட்டத்துல எங்க நிக்குது

1. இந்து திருமணச் சட்டம், 1955, ரெண்டு பேரும் இந்துவா இருந்தாதான் பொருந்தும். மதம் மாறாத அமெரிக்கப் பொண்ணுக்கு அது கிடையாது. இந்தியாவுல பண்ணியிருந்தா 1954ம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி, 30 நாள் நோட்டீஸோட. வெளிநாட்டுல இந்தியத் தூதரக அதிகாரி முன்னாடி பண்ணிக்க 1969ல தனிச் சட்டம் வந்துச்சு, நாவல் அதுக்கும் முந்தினது. அமெரிக்காவுல அந்த ஊர் சட்டப்படி நடந்த கல்யாணத்தை, ரெண்டு பேருக்கும் கட்டிக்க வேற தடை இல்லாத வரைக்கும் இந்தியா பொதுவா ஏத்துக்கும்.

2. சிறப்புத் திருமணச் சட்டத்தோட 19வது பிரிவைப் பலர் கவனிக்கறதே இல்ல. கூட்டுக்குடும்பத்துல இருக்கற இந்து அந்தச் சட்டப்படி கல்யாணம் பண்ணினா அவர் அந்தக் கூட்டுக்குடும்பத்துல இருந்து பிரிஞ்சதா ஆயிடும். 1976ல திருத்தம் வந்து ரெண்டு பேரும் இந்துன்னா இது பொருந்தாதுன்னாங்க, கலப்பு மதக் கல்யாணத்துக்கு இன்னும் பொருந்தும்.

3. அதே சட்டத்தோட 21வது பிரிவுப்படி அவங்க சொத்து 1925ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்குப் போயிடும். இதோட விளைவு பெருசு. குழந்தைங்க இருந்து, உயில் எழுதாம புருஷன் செத்தா மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, மீதி குழந்தைகளுக்கு. பெத்த அம்மாவுக்கு ஒண்ணும் கிடையாது. இந்து வாரிசுரிமைச் சட்டமா இருந்தா அம்மா முதல் வகுப்பு வாரிசு, மனைவிக்கும் புள்ளைங்களுக்கும் சமமான பங்கு. அமெரிக்காவுல நடந்த கல்யாணத்தை இங்க வந்து சிறப்புத் திருமணச் சட்டத்துல பதிவு பண்ணினாலும் இதே நிலைதான் வரும். ஒரு பதிவுல மாமியாரோட வாரிசு உரிமை போயிடும், வீட்ல யாருக்கும் அது தெரியவும் தெரியாது. கலப்பு மதக் கல்யாணம் பண்றவங்க உயில் எழுதி வெக்கணும்னு வக்கீல்கள் வற்புறுத்தறது இதுக்காகத்தான்.

4. குடியுரிமை கல்யாணத்தோட தானா வராது. இப்போ இருக்கற சட்டப்படி இந்தியரைக் கட்டினவங்க 7 வருஷம் இங்க வாழ்ந்த பிறகுதான் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம், அமெரிக்கக் குடியுரிமையை விட்டாகணும், ஏன்னா இந்தியா இரட்டைக் குடியுரிமை தர்றதில்ல. வெளிநாட்டுக் குடிமக்கள் இங்க விவசாய நிலம் விலைக்கு வாங்கவும் முடியாது.

5. குழந்தை இந்துவா இல்லையாங்கறதுக்கு இந்து சட்டங்கள்ல ஒரு விளக்கம் இருக்கு. அப்பா அம்மாவுல ஒருத்தர் இந்துவா இருந்து, குழந்தை அந்தச் சமூகத்துப் புள்ளையா வளர்க்கப்பட்டா இந்து. ரத்தத்தோட சேர்த்து வளர்ப்பையும் சட்டம் பாக்குது. அப்போ யார் வளர்க்கறது, என்ன ஊட்டறதுங்கற வீட்டுச் சண்டைக்கு சட்டத்துலயும் விளைவு உண்டு.

பேச வழியில்லாத ரெண்டு பொம்பளைங்க

கதையில தாய் வாய் பேச முடியாதவங்க. மருமகளுக்கு ஊர் பாஷை தெரியாது. நடுவுல நிக்கறவன் ஒருத்தன்தான், அவனுக்கு ரெண்டு உலகமும் தெரியும். அந்தப் பசு என்னன்னு மனைவிக்குப் புரிய வெக்க வேண்டியவன் அவன். மனைவி எதனால அப்படி நினைக்கறான்னு அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவனும் அவன்தான். ரெண்டையும் அவன் செய்யல. புதுசா படிச்சது முழுக்க சரி, விட்டுட்டுப் போனது முழுக்க தப்புன்னு முடிவு பண்ணிட்டவனுக்கு எடுத்துச் சொல்லணும்னே தோணியிருக்காது.

அதனால என் கணிப்புல அந்தக் கல்யாணத்தை உடைக்கறது அவன்தான், அந்தப் பொண்ணு இல்ல. அவ வளர்ந்த ஊர்ல மாட்டிறைச்சி தினசரி சாப்பாடு, அவ கண்ணுக்கு அந்த மாட்டுக்கும் இன்னொரு மாட்டுக்கும் எந்த வித்தியாசமும் இல்ல, அந்த வித்தியாசத்தை உக்காந்து சொல்லிக் குடுத்த ஒரு ஆள் கூட கிடையாது. கதையோட பெரிய குறையும் இங்கதான் இருக்கு. அவளோட பக்கத்தை அவ வாயால கேக்கற வாய்ப்பு பாக்கறவங்களுக்கு போதுமான அளவு கிடைக்கறதில்ல, ஊரோட வலி பக்கம் பக்கமா வருது, அவளோட தனிமை ஓரத்துல நிக்குது.

எழுதினவரும் எடுத்தவரும்

பைரப்பா மரபோட பக்கம் நின்னு நவீனத்தைக் கேள்வி கேட்டவர்னு பெயர் எடுத்தவர். கார்னாடு மத அரசியலுக்கு எதிரா கடைசி வரைக்கும் குரல் குடுத்தவர். 2006ல திப்பு சுல்தானைப் பத்தி கன்னடப் பத்திரிகையில ரெண்டு பேரும் நேருக்கு நேர் மோதிக்கிட்டாங்க. அடுத்த வருஷம் பைரப்பா எழுதின ‘ஆவரண’ இந்து முஸ்லிம் கல்யாணத்தைக் களமா வெச்ச நாவல், அது பெரிய சர்ச்சையாச்சு.

1970கள்ல ரெண்டு பேரும் ஒரே கதையில சந்திச்சாங்கங்கறதை இன்னிக்கு இருக்கற முகாம் கணக்குல வெச்சுப் புரிஞ்சுக்க முடியாது. நாவல் நம்பிக்கைக்கு உள்ள நின்னு பேசுது. படம் அந்த நம்பிக்கையை மரியாதையோட வெளியில இருந்து பாக்குது. படம் யார் பக்கம்ங்கற கேள்விக்கு ஒரே வார்த்தையில பதில் கிடைக்காததுக்கு இதுதான் காரணம், பசுவைக் கும்பிடறவங்களும் இதைத் தங்க படம்னு சொல்லிக்கலாம், கிராமத்து இறுக்கத்தை விமர்சிக்கறவங்களும் சொல்லிக்கலாம்.

இதே கதை இன்னிக்கு நடந்தா

2020ல கர்நாடகா புதுச் சட்டம் கொண்டு வந்துச்சு, 2021 ஜனவரியில அவசரச் சட்டமா அமலுக்கு வந்துச்சு. பசு, கன்னு, காளை, எருது எதையும் எந்த வயசுலயும் வெட்டக் கூடாது, எருமை 13 வயசைத் தாண்டியிருக்கணும். தண்டனை 3ல இருந்து 7 வருஷம், அபராதம் 50,000ல இருந்து 5 லட்சம். சோதனை போடவும் பறிமுதல் பண்ணவும் சப்-இன்ஸ்பெக்டருக்கே அதிகாரம்.

கதையில என்னென்ன மாறும்னா, முதல்ல, விஷயம் ஊர்ப் பஞ்சாயத்தோட நிக்காது, அன்னிக்கே எஃப்ஐஆர் ஆகும். அந்தப் பொண்ணு வெளிநாட்டுக் குடிமகளா இருந்தா கிரிமினல் கேஸோட விசாப் பிரச்சனையும் சேர்ந்து வரும், குழந்தையோட நாட்டை விட்டுப் போற நிலைமை கூட வரலாம்.

பேரனுக்கும் சிக்கல்தான். 1964 சட்டத்துல 12 வயசு தாண்டின எருதை சர்ட்டிஃபிகேட் வாங்கி விக்க வழி இருந்துச்சு, இப்போ அது அடைஞ்சு போச்சு. உழவுக்கு டிராக்டர், பாலுக்கு கலப்பின மாடு, பிறக்கற காளைக் கன்னை வளர்க்கவும் கட்டாது, வெட்டவும் கூடாது, வாங்கவும் ஆள் இல்ல. பல விவசாயிங்க அதை ராத்திரியில கண்காணாத இடத்துல அவுத்து விட்டுடறாங்க. அது அடுத்தவன் வயல்ல மேயுது, ரோட்டுல அடிபடுது.

கோசாலைகளுக்குப் பணம் வேணும்னு 2022ல மாநில அரசு ஒரு தத்துத் திட்டம் தொடங்கிச்சு, ஒரு மாட்டுக்கு வருஷத்துக்கு 11,000 ரூபாய் கட்டி யார் வேணா தத்தெடுக்கலாம். திட்டத்துக்குப் பேரு ‘புண்ணியகோடி தத்து யோஜனே’. பாட்டுல அந்தப் பசு தன் கன்னை ஒப்படைச்சது மந்தையில இருந்த மத்த பசுக்கள்கிட்ட, இப்போ ஒப்படைக்கறது ஆன்லைன்ல பணம் கட்டறவங்ககிட்ட. இந்தப் பணம் கோசாலைக்குள்ள சேர்ந்த மாட்டுக்குத்தான் போகும். தொழுவத்துல இப்போதான் பிறந்த கலப்பினக் காளைக் கன்னுக்கு அடுத்த 15 வருஷம் தீவனம் போடற செலவை யார் ஏத்துக்கறதுன்னு 1964 சட்டத்துலயும் இல்ல, 2020 சட்டத்துலயும் இல்ல.